ஓர் அந்தர்முகூர்த்தம்: ஊழும் முயற்சியும்

அருகன் திருவடி போற்றி!



நம் இல்லங்களில் அடிக்கடி எழுகின்ற வினா ஒன்று உண்டு. "எல்லாம் அவரவர் வினைப்பயன் என்றால், நாம் முயன்று ஆவது என்ன?" என்பதே அவ்வினா. பிள்ளைகள் தேர்வுக் காலத்தில் இதனை விளையாட்டாகக் கேட்பர். பெரியோர் நோய்ப்படுக்கையின் அருகில் அமர்ந்து கண்ணீரோடு கேட்பர். வினையைக் காட்டி முயற்சியைக் கைவிடுவார் ஒரு சாரார். முயற்சியின் பெருமை பேசி வினையை மறுப்பார் மற்றொரு சாரார். இரண்டும் ஒருதலை நோக்கே. ஏகாந்தம் என்று நம் ஆசாரியர்கள் விலக்கியது இதனைத்தான்.

சமந்தபத்திர சுவாமிகள் தம் ஆப்தமீமாம்சையில் இவ்வினாவைத் தனியே எடுத்து ஆராய்கின்றார். ஊழ் ஒன்றே காரணம் என்பாரையும், முயற்சி ஒன்றே காரணம் என்பாரையும் அவர் ஒருங்கே மறுக்கின்றார். நாம் எண்ணாமலே வந்து சேர்வதில் ஊழ் மேலோங்கி நிற்கின்றது. எண்ணித் துணிந்து செய்வதில் முயற்சி மேலோங்கி நிற்கின்றது என்பது அவர் காட்டும் நடுநிலை. இவ்வுண்மையை விளக்க, வானூர்தி ஒன்றில் நிகழ்ந்த நிகழ்ச்சியை இன்று சிந்திப்போம். அவ்வூர்தியை ஓட்டியவர்கள் நம் சமயத்தார் அல்லர். நம் ஆகமங்களைக் கேட்டவரும் அல்லர். ஆயினும் அறம் எங்கு விளங்கினாலும் அதனைக் கண்டு மகிழ்வது பிரமோத பாவனை அன்றோ?

வானில் நேர்ந்தது

1989ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 19ஆம் நாள். அமெரிக்க நாட்டின் டென்வர் நகரிலிருந்து சிகாகோ நகரை நோக்கி யுனைடெட் நிறுவனத்தின் 232ஆம் எண் விமானம் புறப்பட்டது. அது டி.சி.10 என்னும் வகையைச் சேர்ந்தது. இறக்கைக்கு ஒன்றாக இரண்டு எஞ்சின்களும் வால்பகுதியில் ஓர் எஞ்சினும் உடையது. பயணிகளும் பணியாளருமாக 296 பேர் அதில் இருந்தனர். அவர்களுள் குழந்தைகள் பலர்.

பிற்பகல் 3 மணி 16 நிமிடம். விமானம் 37,000 அடி உயரத்தில் சென்றுகொண்டிருந்தது. திடீரென வால்பகுதியில் பேரோசை கேட்டது. அங்கிருந்த எஞ்சினின் விசிறித் தட்டு உடைந்து சிதறியது.

எஞ்சின் ஒன்று நின்றுவிட்டால் மற்ற இரண்டைக் கொண்டு பறக்கலாம். அதற்கு விமானிகள் பயிற்சி பெற்றவர்களே. ஆனால் நேர்ந்த கேடு அதனினும் பெரிது. அத்தகைய பெரிய விமானத்தைக் கைவலிமையால் திருப்ப இயலாது. விமானி கைப்பிடியை அசைத்தால், குழாய்களுள் மிகுந்த அழுத்தத்தோடு நிற்கும் எண்ணெய், இறக்கையிலும் வாலிலும் உள்ள பலகைகளை அசைத்து விமானத்தைத் திருப்பும். இதனை ஹைட்ராலிக் அமைப்பு என்பர். ஒன்று பழுதானால் மற்றொன்று உதவும் பொருட்டு, இவ்வமைப்புகள் மூன்று தனித்தனியே வைக்கப்பட்டிருந்தன. வாலில் நேர்ந்த வெடிப்பினால் மூன்றிலும் இருந்த எண்ணெய் வெளியேறிவிட்டது. மூன்றும் ஒருங்கே பழுதாகும் என எவரும் எதிர்பார்க்கவில்லை; ஆதலின் விமானிகளின் கையேட்டில் அதற்கு வழி ஏதும் எழுதப்படவில்லை.

தலைமை விமானி ஆல்பிரட் ஹெய்ன்ஸ், ஏறத்தாழ 30,000 மணி நேரம் பறந்த பட்டறிவு உடையவர். துணை விமானி வில்லியம் ரெக்கார்ட்ஸ் கைப்பிடியை முழுதும் திருப்பியும் விமானம் பணியவில்லை. வலப்புறமாகச் சாயத் தொடங்கியது. இன்னும் சிறிது சாய்ந்தால் குப்புறக் கவிழும். அந்நொடியில் ஹெய்ன்ஸ் இடப்புற எஞ்சினின் விசையைக் குறைத்து, வலப்புற எஞ்சினின் விசையைக் கூட்டினார். சாய்ந்த இறக்கை மெல்ல நிமிர்ந்தது. இழந்தவற்றை எண்ணி ஏங்காமல், எஞ்சியிருந்த இரண்டு எஞ்சின்களையே அவர்கள் பற்றுக்கோடாகக் கொண்டனர்.

கட்டும் உதயமும்

விசிறித் தட்டு ஏன் உடைந்தது? டைட்டேனியம் என்னும் உலோகத்தால் ஆகிய அத்தட்டு ஏறத்தாழ 170 கிலோ எடையுள்ளது. அதற்குரிய உலோகத்தை 1971ஆம் ஆண்டில் உருக்கியபோது, நைட்ரஜன் மிகுந்த கடினமான சிறு துணுக்கு ஒன்று உள்ளே தங்கிவிட்டது. அத்துணுக்கு இருந்த இடத்தில் கண்ணுக்கு எளிதில் புலப்படாத ஒரு குழி. அக்குழியிலிருந்து ஒரு விரிசல். ஒவ்வொரு முறை விமானம் எழுந்து இறங்கும்போதும் அவ்விரிசல் சிறிது சிறிதாக வளர்ந்தது. ஏறத்தாழ 15,500 முறை பறந்தும் தட்டு உடையவில்லை. 17 ஆண்டுகள் பணி செய்து, ஒரு கோடைப் பிற்பகலில் உடைந்தது.

கட்டுண்ட வினை உடனே பயன் தருவதில்லை என்று நம் ஆகமம் கூறுகின்றது. அது சத்தையில், அதாவது இருப்பில், கிடக்கும். அபாதா காலம் என்னும் அமைதிக் காலம் கழிந்தபின் உதயத்திற்கு வரும். பயன் தோன்றாத காலத்தை வினை இல்லாத காலம் என்று மயங்குகின்றோம் நாம். உலோகத்தின் குறை வேறு, உயிரைப் பற்றிய வினை வேறு. ஒன்றை மற்றொன்றாகக் கொள்ளலாகாது. எனினும் உவமையாக எண்ணிப் பார்த்தால், அத்தட்டு நமக்கு நல்லதோர் பாடம்.

மேலும் ஒன்று. அத்தட்டு பன்முறை ஆய்வுக்கு உட்பட்டது. இறுதி ஆய்வு 1988ஆம் ஆண்டில் நடந்தது. அதன்பின் 760 முறை பறந்த பிறகே அது உடைந்தது. அவ்வாய்வின்போதே விரிசல் கண்டறியத்தக்க அளவு வளர்ந்திருந்தது என விசாரணைக் குழுவினர் முடிவு செய்தனர். கண்டறியத்தக்கதாக இருந்தது; ஆயினும் காணப்படவில்லை.

கட்டிற்குரிய காரணங்கள் ஐந்தனுள் பிரமாதம் என்பதும் ஒன்று. நம் பேச்சுவழக்கில் ஒன்றை வியந்து பாராட்ட 'பிரமாதம்' என்கின்றோம். ஆகமத்திலோ அச்சொல்லின் பொருள் கவனமின்மை, மடி என்பதாகும். உமாசுவாமிகள் இம்சைக்கு இலக்கணம் வகுக்கும்போது இக்கவனமின்மையைத்தான் அதன் வேராக வைத்தார். கொல்ல வேண்டும் என்னும் எண்ணம் ஒருவரிடத்தும் இல்லாமலே உயிர்க்கேடு நிகழக்கூடும் என்பதற்கு இவ்விரிசலினும் தெளிவான சான்று வேண்டுமோ?

செருக்கு நீங்கிய இடம்

இனி விமானிகளின் அறையை நோக்குவோம். பயணிகளிடையே டென்னிஸ் பிட்ச் என்பவர் இருந்தார். அவர் அதே நிறுவனத்தில், அதே வகை விமானத்தை ஓட்டும் விமானிகளுக்குப் பயிற்சி அளிப்பவர். அன்று பணியில் இல்லை. உதவி செய்வதாகச் சொல்லி அனுப்பினார். தலைமை விமானி ஒரு நொடியும் தயங்காமல் அவரை உள்ளே அழைத்தார். பிட்ச் இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே தரையில் மண்டியிட்டு, இரு எஞ்சின்களின் விசைப்பிடிகளையும் இரு கைகளால் பற்றிக்கொண்டார். விமானம் மூக்கை உயர்த்துவதும் தாழ்த்துவதுமாக அலைபோலச் சென்றது. பெரும்பாலும் வலப்புறமாகவே வட்டமிட்டது. விமானப் பொறியாளர் டட்லி ட்வோராக் தரையிலிருந்த பராமரிப்பு வல்லுநர்களோடு வானொலியில் பேசினார். மூன்று அமைப்புகளும் செயலற்றுவிட்டன என்பதை அவர்களால் நம்பவே இயலவில்லை. கூறுவதற்கு அவர்களிடமும் வழி இல்லை.

நால்வரும் ஒருவர் சொல்வதை ஒருவர் கேட்டனர். தலைவர் தம் ஐயத்தை மறைக்கவில்லை; மற்றவர் தம் கருத்தைச் சொல்ல அஞ்சவில்லை. பட்டறிவு மிக்க ஒருவர் "எனக்குத் தெரியாதது என்ன இருக்கிறது?" என்று எண்ணியிருந்தால், அந்த விமானம் அங்கேயே வீழ்ந்திருக்கும்.

இப்பண்பு தற்செயலாக வந்ததன்று. 1978ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள், அதே நிறுவனத்தின் மற்றொரு விமானம் போர்ட்லாந்து நகரருகே வீழ்ந்தது. சக்கரம் சரியாக இறங்கியதா என்னும் ஒன்றிலேயே தலைமை விமானியின் மனம் ஆழ்ந்திருக்க, எரிபொருள் தீர்ந்துபோயிற்று. எரிபொருள் குறைகிறது என்று உடனிருந்தவர் சொன்னது மனத்தில் பதியவில்லை. 10 பேர் உயிரிழந்தனர். அதன்பின் அந்நிறுவனம் தன் விமானிகளுக்கு ஒரு புதிய பயிற்சியைத் தொடங்கியது. உடனிருப்பார் சொல்வதைத் தலைவர் கேட்க வேண்டும். தாம் கண்ட குறையை இளையவர் துணிந்து சொல்ல வேண்டும் என்பதே அப்பயிற்சியின் சாரம். ஹெய்ன்ஸ் பின்னாளில் பேசிய இடங்களிலெல்லாம் அப்பயிற்சியின் பயனை எடுத்துரைத்தார்.

நான்கு கஷாயங்களுள் இரண்டாவதாக நிற்பது மானம் என்னும் செருக்கு. அது செல்வத்தால் மட்டும் வருவதன்று. அறிவாலும், பட்டறிவாலும், மூப்பாலும் வரும். நம் வீட்டில் மருமகள் கூறும் நல்ல யோசனை, அவள் மருமகள் என்பதனாலேயே தள்ளப்படுவதில்லையா? ஊர்ப் பொதுவில் இளைஞர் சுட்டிக்காட்டும் கணக்குப் பிழை, அவர் இளைஞர் என்பதனாலேயே அடக்கப்படுவதில்லையா? ஒரு பொருளின் எல்லாப் பக்கங்களும் ஒருவர் கண்ணுக்குப் புலனாகா என்னும் அனேகாந்தத்தை மேடையில் பேசுவது எளிது. நம்மினும் இளையவர் சொல்லும்போது வாய்மூடிக் கேட்பதே அதன் உண்மையான அனுட்டானம்.

நிலத்தில் நேர்ந்தது

அயோவா மாநிலத்தின் சூ நகர விமான நிலையத்தை நோக்கி அவர்கள் விமானத்தைக் கொணர்ந்தனர். வெடிப்பு நிகழ்ந்து 44 நிமிடங்கள் கழிந்திருந்தன. வேகத்தைக் குறைக்க வழியில்லை. மணிக்கு ஏறத்தாழ 400 கிலோமீட்டர் வேகத்தில் விமானம் தரையை அணுகியது. வலப்புற இறக்கையின் நுனி முதலில் நிலத்தைத் தொட்டது. விமானம் புரண்டு, உடைந்து, தீப்பற்றி, அருகிலிருந்த மக்காச்சோள வயலில் சிதறியது.

296 பேரில் 112 பேர் உயிரிழந்தனர். 184 பேர் பிழைத்தனர். விமானிகளின் அறை நசுங்கிய உலோகக் குவியலாகக் கிடந்தமையால், அதனுள் மனிதர் இருக்கக்கூடும் என்று அரை மணிக்கு மேல் எவரும் எண்ணவில்லை. நால்வரும் உயிரோடு மீட்கப்பட்டனர். வெளியேறிய பயணி ஒருவர், குழந்தையின் அழுகுரல் கேட்டு, புகை சூழ்ந்த சிதைவினுள் மீண்டும் புகுந்து அக்குழந்தையை எடுத்து வந்தார். இதே நிலையைப் பயிற்சிக் கருவியில் அமைத்து, பின்னர் வேறு விமானிகளைக் கொண்டு சோதித்தனர். அந்நிலையில் விமானத்தைப் பாதுகாப்பாக இறக்குவது பயிற்சியால் கைவரக்கூடியதன்று என்பதே முடிவாயிற்று.

இங்கேதான் நம் அறிவுக்கும் நெஞ்சுக்கும் சோதனை எழுகின்றது. "பிழைத்தவர் நல்வினை உடையவர், மாண்டவர் தீவினை உடையவர்" என்று இரண்டு சொற்களில் முடித்துவிட நாவு துடிக்கும். அன்பர்களே, அவ்வாறு சொல்லும் உரிமை நமக்கு இல்லை. வினையின் முழுக் கணக்கையும் அறிபவர் கேவலி ஒருவரே. வினைக் கோட்பாட்டை அறவோர் அருளியது நம் குற்றத்தை நாம் காணும் பொருட்டே ஆகும். பிறர் துன்பத்தை அளக்கும் முழக்கோல் அன்று அது.

நம் உறவினர் ஒருவர்க்குக் கொடிய நோய் வந்தபோது, காணச் சென்றவர் "முன்வினை" என்று கூறி எழுந்து வருவதை நாம் கண்டதில்லையா? குழந்தையை இழந்த தாயிடம் அச்சொல்லைக் கூறி, அவள் புண்ணில் வேல் பாய்ச்சியோர் இல்லையா? நற்காட்சியின் அடையாளங்களாகக் கூறப்படும் பிரசமம், சம்வேகம், அனுகம்பை, ஆஸ்திக்யம் என்னும் நான்கனுள் அனுகம்பை, அதாவது பிற உயிர் நடுங்கும்போது நம் நெஞ்சும் உடன் நடுங்குதல், மூன்றாவதாக நிற்கின்றது. அனுகம்பை இல்லாத வாயிலிருந்து வரும் வினைத் தத்துவம் ஆகமச் சொல்லாயினும் நற்காட்சி ஆகாது.

திரும்பிப் பார்த்தல்

அவ்விமானத்தின் பணியாளர்க்குத் தலைமை தாங்கியவர் ஜான் பிரௌன் என்னும் அம்மையார். தனி இருக்கை இல்லாமல் பெற்றோர் மடியில் பயணம் செய்த கைக்குழந்தைகள் நால்வர். அக்காலத்து முறைப்படி, குழந்தைகளைத் தரையில் கிடத்திப் பிடித்துக்கொள்ளுமாறு பெற்றோர்க்கு அவர் அறிவுறுத்தினார். நால்வருள் ஒரு குழந்தை இறந்தது. முறைப்படி நடந்துகொண்டவர் அவர். அவரைக் குறை கூறுவார் இல்லை. ஆயினும் அவர் அதனோடு அமைதி கொள்ளவில்லை. பச்சிளங்குழந்தைக்கும் தனி இருக்கையும் பாதுகாப்புப் பட்டையும் வேண்டும் என்று அரசிடமும் மக்களிடமும் பல ஆண்டுகள் இடைவிடாது வாதாடினார்.

பிரதிக்கிரமணம் என்னும் சொல்லுக்குத் திரும்பி வருதல் என்பது பொருள். நடந்ததை நினைத்து அழுதுவிட்டு எழுந்து போவது பிரதிக்கிரமணம் ஆகாது. அதே கேடு இனி ஓர் உயிர்க்கும் நேராதவாறு நம் நடையைத் திருத்துவதே அதன் நிறைவு. விமானத்துறையினரும் அவ்வாறே செய்தனர். உடைந்த தட்டின் பகுதிகள் மூன்று திங்கள் கழித்து, அறுவடைக் காலத்தில், ஒரு மக்காச்சோள வயலில் கிடைத்தன. அவற்றை ஆராய்ந்து குற்றத்தின் மூலத்தைக் கண்டனர். வால்பகுதியில் குழாய் அறுந்தாலும் எண்ணெய் முழுதும் வெளியேறிவிடாமல் தடுக்கும் அடைப்பை அவ்வகை விமானங்களில் பொருத்தினர். ஓட்டை வழியே பெருகுவதைத் தடுப்பது செறிப்பு என்பதைச் சிறு வயதிலேயே ஓடத்து உவமையால் கற்றவர்கள் நாம்.

ஐந்து காரணங்கள்

தலைமை விமானி ஹெய்ன்ஸ் 2019ஆம் ஆண்டில், தம் 87ஆம் வயதில் காலமானார். அதுவரை அவர் தம்மை வீரர் என்று பிறர் புகழ்வதை ஏற்றதில்லை. 184 பேர் பிழைத்தமைக்கு ஐந்து காரணங்களை அவர் கூறிவந்தார்: நற்பேறு, தகவல் பரிமாற்றம், முன்னேற்பாடு, செயலாற்றுதல், ஒத்துழைப்பு.

இவ்வைந்தையும் சமந்தபத்திர சுவாமிகளின் துலாக்கோலில் வைத்துப் பாருங்கள். முதலாவது ஊழ். அன்று பகல் வெளிச்சம் இருந்தது. வானிலை அமைதியாக இருந்தது. அவ்வூர் மருத்துவமனைகளில் ஒரு பணி முறையினர் வீடு திரும்பும் முன்னே அடுத்த முறையினர் வந்திருந்தனர். விமான நிலையத்தில் தேசியக் காவற்படையினர் 285 பேர் பணியில் இருந்தனர். இவற்றை எவரும் எண்ணி ஏற்பாடு செய்யவில்லை. மற்ற நான்கும் முயற்சி. அவ்வூரார் 1987ஆம் ஆண்டிலேயே பெரு விபத்துக்கான மீட்புப் பயிற்சியை நடத்திப் பழகியிருந்தனர். ஊழ் கொணர்ந்த கைகள், முன்பே பழகிய கைகளாக இருந்தமையால் பயன்பட்டன.

விசிறித் தட்டின் உடைவை அவ்விமானிகளால் மாற்ற முடியவில்லை. அது உதயத்திற்கு வந்துவிட்டது. ஆனால் உதயத்தின் நடுவே எவ்வாறு நடந்துகொள்வது என்பது அவர்கள் கையில் இருந்தது. ஒருவரை ஒருவர் சினந்துகொள்ளவில்லை, பழி தேடவில்லை, இறுதி நொடி வரையில் கைவிடவும் இல்லை. முழு வெற்றி கிட்டவில்லை. கிட்டாது என்று தெரிந்தும் முயன்றனர். 184 பேரின் உயிர்விளக்கு அன்று அணையவில்லை.

நமக்குரிய 44 நிமிடங்கள்

ஒரு முகூர்த்தம் என்பது இரண்டு நாழிகை; இன்றைய கணக்கில் 48 நிமிடங்கள். அதற்குக் குறைந்த காலத்தை அந்தர்முகூர்த்தம் என்பர். ஒருமுகப்பட்ட தியானம் அக்கால அளவுக்கு மேல் நிலைப்பதில்லை என்றும், அக்குறுகிய காலத்துள்ளேயே உயிரின் பாவங்கள் பெரிதும் மாறக்கூடும் என்றும் நம் ஆசாரியர்கள் கூறியுள்ளனர். அவ்விமானத்தின் 44 நிமிடங்களும் ஓர் அந்தர்முகூர்த்தத்துள் அடங்குவனவே.

நம் ஒவ்வொருவர்க்கும் அத்தகைய அந்தர்முகூர்த்தம் ஒன்று வரும். மருத்துவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் வேளையாக வரலாம். சொத்துப் பங்கீட்டில் உடன்பிறந்தார் எதிரெதிரே நிற்கும் வேளையாக வரலாம். நம் இறுதி மூச்சின் வேளையாகவும் வரலாம். அப்போது கையேட்டைத் தேடிப் பயனில்லை. முன்பே பழகியது எதுவோ, அதுவே துணை நிற்கும்.

ஆதலின், நாள்தோறும் இரண்டு நாழிகை சாமாயிகத்தில் அமர்வோம். இயலாதார் அதில் பாதியேனும் அமர்க. மாலையில், அன்றைய சொல்லிலும் செயலிலும் விழுந்த மயிரிழை விரிசல்களை, அவை கண்டறியத்தக்க அளவில் இருக்கும்போதே தேடுவோம். வீட்டில் இளையவர் ஒரு குறையைச் சுட்டும்போது, மறுமொழி கூறுமுன் ஒருமுறை முழுதும் கேட்போம். துன்புற்றார் வீட்டிற்குச் செல்லும்போது அவர் வினையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல், அடுப்பு மூட்டவோ, மருந்து வாங்கவோ, உடன் அமர்ந்திருக்கவோ செல்வோம்.

பிள்ளைகள் "முயன்று ஆவது என்ன?" என்று இனிக் கேட்டால், 112 என்னும் எண்ணை மறைக்காமல் சொல்லுங்கள், 184 என்னும் எண்ணையும் சொல்லுங்கள். இரண்டையும் சேர்த்துச் சொல்வதே அனேகாந்தம்.

எல்லா உயிரும் இன்புற்று வாழ்க!

ஜினதர்மம் ஓங்குக!